பிரமதண்டுக் களையை அறிந்து ஒழித்தல்



உலர் வலயத்தின் தரிசு நிலங்களிலும், தெருவோரங்களிலும், மேட்டுநிலப் பயிர்களிடையேயும் மஞ்சட் பூவுடன் நிற்கும் முட்செடியொன்றைக் கண்டிருப்பீர்கள். பிரமதண்டு, குடியோட்டிப் பூண்டு, பொன்னூமத்தை என்பன அதன் பெயர்கள். பெயர் பலவாயினும் செடி ஒன்றே. மெக்சிக்கோ நாட்டுப் பகுதியிலிருந்து பரவிய இதனை ஆங்கிலத்தில் மெக்சிக்கோத் திசில் என்பாரும் உளர். எனினும் இது திசிலும் அன்று, ஊமத்தையும் அன்று. கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அடையாளம்

இலைகள் நீலம் கலந்த பச்சை நிறமும், வெண்ணரம்புகளும், முள் விளிம்பும் உடையவை. தண்டை ஒடித்தால் மஞ்சட் பால் வடியும். முட்கள் நிறைந்த காய் முற்றியதும் நுனியில் வெடித்துக் கருநிற விதைகளைச் சிந்தும்.

கேடு

இவ்விதைகள் கடுகை ஒத்திருப்பதே பெரும் ஆபத்தாகும். கடுகுடன் கலந்து எண்ணெயாக்கப்பட்டால், அதனை உண்போருக்குக் கால்வீக்கமும், மூச்சுத்திணறலும், இருதயப் பலவீனமும் உண்டாகும். 1998ஆம் ஆண்டில் இந்தியாவின் டெல்லி நகரில் இவ்வாறு நஞ்சான கடுகெண்ணெயால் 60 பேருக்கு மேல் மாண்டனர். கால்நடைகள் இச்செடியை மேயாது விடுவதால், மேய்ச்சல் நிலத்திலும் இது தடையின்றிப் பெருகும்.

ஒழிக்கும் முறை

1. பூக்குமுன், மழை பெய்து நிலம் ஈரமாயுள்ளபோது, ஆணிவேருடன் பிடுங்குக. முள்ளும் பாலும் படாதவாறு கைகளுக்குத் தடித்த உறை அணிக.

2. காய்த்த செடிகளைக் கூட்டெருக் குழியில் இடாதீர்கள். காய் வெடிக்குமுன் அவற்றைச் சேர்த்து, ஓரிடத்தில் உலர்த்தி எரித்துவிடுக.

3. கடுகுப் பாத்தியில் அறுவடைக்கு முன்னரே இக்களையை முற்றாக நீக்குக. விதைக் கடுகை வெண்துணியில் பரப்பிப் பார்வையிடுக. பிரமதண்டு விதையின் மேல் வலைபோன்ற வரிகள் தெளிவாகத் தெரியும். ஒருபுறம் சிறு முனையும் இருக்கும். கலப்புக் காணப்பட்டால் அக்கடுகை உண்ணவோ, விற்கவோ, விதைக்கவோ வேண்டாம்.

4. விதைகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். ஆகவே ஒரு போகத்துடன் நிறுத்தாது, தொடர்ந்து வரும் போகங்களிலும் முளைக்குந்தோறும் அழித்து வருக. வரம்புகளையும் வேலியோரங்களையும் மறவாதீர்கள்.

செடியைப் பற்றி ஐயமிருப்பின், ஒரு கிளையை வெட்டி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி அறிந்துகொள்க. அயலவரும் சேர்ந்து ஒழித்தாலன்றி ஒருவர் நிலம் மட்டும் துப்புரவாகாது.