ஆழ்கடலில் மூச்சும் அறிவும்

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள ஊர்களில் சங்கு குளித்தல் வழிவழி வந்த தொழிலாகும். முன்னோர் மூச்சடக்கி மூழ்கினர்; பிற்காலத்தில், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே சுவாசிக்கும் முறையும் பரவியது. கடலடியில் நெடுநேரம் தங்க இம்முறை உதவுகிறது. ஆயினும், அங்கே உடலுக்கு நேர்வதை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 30 மீட்டரில் சுவாசிக்கும் காற்று, கரையில் உள்ளதைவிட 4 மடங்கு அடர்த்தியுடையது. அதனை இழுத்து விடுவது கடினம். அந்நிலையில் கடுமையாக உழைத்தால் கரியமிலவாயு உடலில் தேங்கித் தலைவலியும் மூச்சுத் திணறலும் உண்டாகும்.

மற்றோர் இடர் நைட்ரஜனால் வருவது. கரையில் தீங்கு செய்யாத அவ்வாயு, ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே மதுவைப்போல் அறிவை மயக்குகிறது. காரணமற்ற மகிழ்ச்சியோ அச்சமோ எழும். நேரக் கணக்குத் தவறும். மயங்கியவர் தாம் தெளிவுடன் இருப்பதாகவே எண்ணுவார். மேலே வரவர மயக்கம் தெளியும்; ஆனால் வரவேண்டும் என்ற நினைவே அவருக்குத் தோன்றாமற் போகலாம்.

ஆகவே, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பவற்றை மூழ்குமுன் படகிலேயே முடிவு செய்தல் வேண்டும். துணையின்றி இறங்கலாகாது. மேலேறும்போது மூச்சை அடக்கலாகாது. விரைந்து ஏறினால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். மெல்ல ஏறுவதே முறை. பொறியின் புகை காற்றுக்குழாயில் புகாதவாறும் காத்தல் வேண்டும்.

இவற்றை, தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞருக்கு ஊர்ப் பெரியோர் எடுத்துரைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.