மூன்றுக்கு ‘ட்ரீ’ போதும்

கப்பல் வானொலியில் மூன்று என்ற எண்ணை ‘ட்ரீ’ என்று சொல்லச் சொல்கிறது விதி. நான்கு ‘ஃபோவர்’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’, ஆயிரம் ‘டவுசண்ட்’. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட தரப்படுத்திய சொற்றொடர்த் தொகுப்பில் எண்களுக்குத் தரப்பட்டிருக்கும் உச்சரிப்பு இது. நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே நீட்டிக் காற்றை விடும் அந்த ஒலிக்குத்தான் நம்மூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் முதல் பாடத்தைச் செலவழிக்கின்றன. உலகக் கப்பல் துறையோ அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. பல நாட்டு மாலுமிகளின் வாயில் அது வராது என்பதும், வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. நம் வாயில் வரும் ‘த்ரீ’, இலக்கண ஆங்கிலத்துக்கும் இந்த ‘ட்ரீ’க்கும் நடுவே நிற்கிறது. அதைத் திருத்த ஒரு நாள்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

இதைத் திரேஸ்புரத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். சங்கு குளிப்பவர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் வாழும் ஊர் அது. தூத்துக்குடிக் கரையில் இப்படிப்பட்ட ஊர்களின் பிள்ளைகளுக்கு, அப்பாவின் படகைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் அடுத்த வேலை பெரும்பாலும் சரக்குக் கப்பல்தான். அங்கே சுக்கான் பிடிக்கும் கடைநிலை மாலுமிக்கும் ஆணைகள் ஆங்கிலத்தில்தான் வரும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஆணையிடும் அதிகாரி பிலிப்பைன்ஸ்காரராகவோ உக்ரைன்காரராகவோ இருக்கலாம். இங்கிலாந்துக்காரர் அநேகமாக இருக்க மாட்டார். அப்படியானால் யாருடைய காதுக்காக நாம் உச்சரிப்பைத் திருத்துகிறோம்? பயிற்சியைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டுவிட்டால் பாடத்தின் வரிசையே தலைகீழாகிவிடும்.

கப்பலின் இடப்பக்கத்துக்கு ‘போர்ட்’ என்றும் வலப்பக்கத்துக்கு ‘ஸ்டார்போர்ட்’ என்றும் பெயர். முன்பு ஆங்கிலேயர் இடப்பக்கத்தை ‘லார்போர்ட்’ என்றார்கள். காற்றிரைச்சலில் ‘லார்போர்ட்’டும் ‘ஸ்டார்போர்ட்’டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் ‘லார்போர்ட்’டைக் கைவிட ஆணையிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தங்கள் காதை நம்பாமல் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். நாம் நம் உச்சரிப்பால் அந்தக் குழப்பத்தை மறுபடி உண்டாக்கி வைக்கிறோம். எப்படியென்றால், ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் ‘ப’வுக்குப் பின்னால் ஒரு சிறு காற்று வெடிப்பு உண்டு, தமிழ்ப் ‘ப’வில் அது கிடையாது. காற்றில்லாமல் சொன்ன ‘போர்ட்’, பலகை என்று பொருள்படும் ‘போர்ட்’ போல, அதாவது குரலொலிப்போடு சொன்னதுபோல, ஆங்கிலக் காதில் விழுகிறது. இது போதாதென்று ‘ஸ்டார்போர்ட்’டின் இரண்டு அசைகளையும் சம எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதல் அசைக்கே அழுத்தம். பின்னசை ‘பட்’ என்று சுருங்கிவிடும். இரைச்சலில் முதல் அசை அமுங்கிப் போனால் மிஞ்சும் வாலுக்கும் நம் ‘போர்ட்’டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்று இடம், மற்றொன்று வலம்.

வல்லொலியும் மெலிந்த ஒலியும் குழம்பும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தூத்துக்குடிக்குத் தெற்கே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்திலேயே விளக்கியிருக்கிறார். தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி; உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மெலிந்த ஒலி. அதனால்தான் ‘பேப்பர்’ என்று இரட்டித்து எழுதுகிறோம். ஒற்றைப் ‘ப’ போட்டால் ‘பேபர்’ என்று மெலிந்துவிடும் என்று நம் கைக்கே தெரிகிறது. மொழி தானாகக் கண்டுபிடித்த இந்த உத்தி நல்ல உத்திதான். ஆனால் சொல் முதலில் இரட்டிக்க முடியாதே! ‘பில்’ என்று எழுதினால் அது ரசீதா மாத்திரையா? ‘கோட்’ என்றால் மேலங்கியா ஆடா? எழுத்து சொல்லாது. ஆகவே ஆசிரியர்களுக்கு என் முதல் யோசனை: ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் நோட்டை நிறுத்துங்கள். முடியாவிட்டால், மெலிந்து ஒலிக்க வேண்டிய எழுத்தின் அடியிலாவது ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பயிற்சி. உதட்டுக்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ‘போர்ட்’, ‘பைலட்’, ‘பம்ப்’ என்று சொல்ல வேண்டும். காகிதம் அசைய வேண்டும். பிறகு தொண்டையில் விரல் வைத்து ‘போட்’, ‘பாய்’, ‘பெர்த்’ என்று படகையும் மிதவையையும் கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்தையும் சொல்ல வேண்டும். காகிதம் அசையாமல் தொண்டை அதிர வேண்டும். ‘ஸ்’ஸுக்குப் பின்னால் வரும் ‘ப’வுக்குக் காற்று வேண்டாம், அங்கே தமிழ்ப் ‘ப’வே சரி. ‘ட’, ‘க’ இரண்டுக்கும் இதே பாடம்தான். இதோடு இரண்டு சின்ன வேலைகள். வல்லினத்தில் முடியும் சொல்லுக்கு உகரம் சேர்ப்பது நம் இயல்பு: ஷிப்பு, டெக்கு, ஸ்டாப்பு. அந்த உகரம் ஓர் அசையைக் கூட்டிச் சொல்லின் உருவத்தையே மாற்றிவிடும். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரம் சேர்ப்பதும் அப்படித்தான்: ‘யெஞ்சின்’, ‘யெய்ட்’. இவற்றைக் களைய நாள்தோறும் கொஞ்ச நேரம் சத்தமாக வாசித்து, போனில் பதிவுசெய்து, தானே கேட்டால் போதும்.

இன்னொரு பக்கம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மூலதனத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குறிலும் நெடிலும் பிரித்துச் சொல்லப் பல மொழிக்காரர்கள் திணறுவார்கள். கப்பலையும் செம்மறியாட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும். தமிழ்ப் பிள்ளைக்கு இது பால்வாடிப் பாடம். லகர ரகரக் குழப்பமும் நமக்கு இல்லை. ‘ட’வை நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொட்டுச் சொல்வது நம் சாயல், அது யாரையும் குழப்புவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

வானொலி ஆங்கிலம் குறுகியது, அளந்து வைத்த சொற்றொடர்களால் ஆனது. நேர்முகத்திலும் உணவு மேசையிலும் பேசும் ஆங்கிலத்துக்கு இது போதுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நீண்ட பேச்சில் தனி ஒலிகளைவிட அழுத்தமே அதிகம் காலை வாரும். ஐதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்தது. சொல்லில் அழுத்தம் இடம் மாறுவதை முக்கியமான இடர்ப்பாடுகளில் ஒன்றாக அது காட்டியது. பதினைந்தையும் ஐம்பதையும் ஆங்கிலத்தில் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அழுத்தம்தான். கடல் தொகுப்பு இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது: நூற்றைம்பதை ‘ஒன், ஃபைஃப், ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். சுக்கான் கோணத்துக்கு மட்டும் விலக்கு. அங்கே பதினைந்தை ‘ஃபிஃப்டீன்’ என்றே சொல்லலாம். பொதுவாகச் சுக்கான் 35 பாகையோடு நின்றுவிடுவதால் ஐம்பது என்று தவறாகக் கேட்க வழியில்லை. கரையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அழுத்தத்தைத் தனியாகப் பயில வேண்டும். வழி நம் கையிலேயே இருக்கிறது: அழுத்தம் விழும் அசையை நெடிலாக்கி, மற்றவற்றைக் குறிலாக்குங்கள். துல்லியமான ஆங்கிலம் ஆகிவிடாது, ஆனால் கேட்பவருக்குச் சொல்லின் உருவம் பிடிபட்டுவிடும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பும் உண்டு. வெள்ளைக்காரன் சாயலில் பேசினால்தான் மதிப்பு; திரேஸ்புரத்துப் பிள்ளைக்கு மட்டும் ‘புரிந்தால் போதும்’ என்பது அவனைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தும் ஏற்பாடு என்பார்கள். சாயலைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் சாயலும் புரிதலும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடாவில் மன்ரோ, டெர்விங் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சீனர்கள் பேசிய ஆங்கிலத்தை ‘கடுமையான சாயல்’ என்று மதிப்பிட்டவர்களே, பல வாக்கியங்களை ஒரு சொல்கூடத் தப்பாமல் எழுதிக்கொடுத்தார்கள். விமானிகளுக்கான பன்னாட்டு மொழித்திறன் அளவுகோல் ஆறு நிலைகள் கொண்டது. அதன் உச்சமான ஆறாம் நிலையிலும் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், புரிதலை அது அநேகமாகக் கெடுக்காமலிருந்தால் சரி என்றுதான் விதி சொல்கிறது. பறக்கும் விமானத்துக்குப் போதுமான தரம் கரையோரப் பிள்ளைக்குக் கீழானது என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. சாயலை மாற்றுவதாகப் பணம் வாங்கும் வகுப்பு, மாற்றத் தேவையில்லாத ஒன்றை விற்கிறது.

கேட்பதும் பாடத்தில் பாதி. லண்டன் வானொலியை மட்டும் கேட்டுப் பழகிய காது, கப்பலில் ‘ஃப’வுக்குப் ‘ப’ சொல்லும் பிலிப்பைன்ஸ் தோழரிடம் தடுமாறும். பிலிப்பைன்ஸ்காரர், சீனர், உக்ரைனியர் பேசும் ஆங்கிலத்தை இணையத்தில் தேடிக் கேட்கப் பழக்குங்கள். புரியாதபோது தயங்காமல் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் பழக்குங்கள்; கப்பலில் அது பணிவிதி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை உச்சரிப்பு வகுப்பில் சேர்க்கப் போகும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், கப்பலின் இடப்பக்கத்தையும் பலகையையும் குறிக்கும் இரண்டு சொற்களை ஆசிரியரையே சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் காதுக்கு இரண்டும் வேறாகப் படவில்லை என்றால், அந்த வகுப்பு வேண்டாம்.