கல் நகர்ந்ததைச் சொல்லுங்கள்

அன்புத் தம்பி,

பத்திரிகையில் வந்த உங்கள் பிரசங்கத்தை இரண்டு முறை படித்தேன். வசன ஆதாரம் தேடுவதும் பிரசங்கத்தைப் பகுத்து வளர்ப்பதும் உங்களுக்குக் கைவந்தவை. அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அதில் வரும் கதையில், பாகப்பிரிவினையோடு பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரர்களான மூத்தவனும் இளையவனும் ஒரே ஞாயிறன்று திருவிருந்துக்கு வந்து, நடுவில் இரண்டு ஆள் இடம் விட்டு முழங்காலிடும் காட்சி அபாரம். அந்த வெற்றிடத்தை நீங்கள் எழுதியிருக்கும் அழகுக்கு ஈடாக அண்மையில் எதையும் நான் படிக்கவில்லை. ஆனால் முடிவுதான் உறுத்துகிறது. மூத்தவன் எல்லைக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டது இளையவனுக்குத் தெரியும். சமாதானத்துக்காக வாயை மூடிக்கொள்கிறான். நீங்களும் அவனை மெச்சி ஆமென் சொல்லிவிடுகிறீர்கள். அந்த இரண்டு ஆள் இடம் அப்படியே கிடக்கிறதே, தம்பி!

பிழை சொல்லிலேயே தொடங்குகிறது. மௌனம், அமைதி, சமாதானம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டீர்கள். இந்தச் சொல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அமைதி’ என்று எழுதியதில் எளிமை கிடைத்தது. பழைய வேதாகமத்தின் ‘சமாதானம்’ சுமந்து வந்த பொருளில் பாதி கைநழுவியது. கூச்சல் ஓய்ந்தாலே அமைதி வந்துவிடும். சமாதானம் அப்படி வராது. சாஸ்திர விவாதத்தில் ஆட்சேபத்துக்குத் தரும் விடைக்குச் சமாதானம் என்று பெயர். ஆட்சேபத்தையே எழுப்பாத இடத்தில் சமாதானத்துக்கு என்ன வேலை? எபிரேய மொழியும் இதைத்தான் காட்டுகிறது. ஷாலோம் என்ற சொல்லின் வேரிலிருந்து வரும் வினையே, திருடியவன் ஈடுகட்ட வேண்டும் என்று யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் விதிக்கும்போது வருகிறது. எடுத்தது திரும்ப வேண்டும், குறைந்தது நிரம்ப வேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவேன் என்று சகேயு சொன்ன பிறகே, அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று இயேசு அறிவிக்கிறார். சகரியா 8-ஆம் அதிகாரம் சத்தியத்தையும் சமாதானத்தையும் இரண்டு இடங்களில் சேர்த்தே கேட்கிறது. ஆறாத காயத்தை மேலே மூடிவிட்டுச் சமாதானம் என்று அறிவித்தவர்களை எரேமியா கண்டித்ததை நீங்கள் அறிவீர்கள்.

நம் நாட்டுத் திருச்சபையின் பழைய கதை ஒன்று இதற்குச் சாட்சி. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் அர்ச்சிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள். நடுவே ஒரு சுவர். சாதிப் பிணக்கைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு சாரார் மறு சாராரின் முகம் பாராமல் ஒரே பூசையில் பங்குகொண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இடித்தவர்களே சமாதானத்தைக் குலைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் குலைவதற்கு அங்கே சமாதானம் எங்கே இருந்தது? செங்கல்லும் சுண்ணாம்புமாய் ஒரு பொய் நின்றது, அது விழுந்தது. உங்கள் இளையவனின் மௌனமும் அப்படி ஒரு சுவர்தான்.

அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுலே கொரிந்தியரிடம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டார். ஆனால் அதற்குச் சற்று முன்னால், சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்றும் கேட்டாரே! நிலத்தை விட்டுக்கொடுப்பது இளையவனின் உரிமை, பெருந்தன்மையும்கூட. கல் நகர்ந்தது என்ற உண்மையை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. கடன் இன்னதென்று சொல்லாமல் கடனை மன்னிக்க முடியுமா? பிலாத்துவின் முன் இயேசு மௌனமாக நின்றதையும் நீங்கள் காட்டலாம். அதற்கு முன் பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் அறைந்தபோது, தாம் பேசியதில் தவறென்ன என்று அவர் நேரே கேட்டதை யோவான் எழுதிவைத்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பி ஊரையே கிழிப்பவர்கள் சபையில் இல்லையா என்பது நியாயமான அச்சம். அதற்குத்தான் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரிசை இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபையில். தனியாகச் சொல்வதில் குற்றம் செய்தவனின் மானமும் காக்கப்படுகிறது. பயந்த மௌனம், பழிக்கும் பேச்சு இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

உங்கள் எழுத்துக்கு வலுவிருக்கிறது, ஆகவே கேட்கிறேன். அந்த முடிவைத் திருத்தி எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கு முன், யாரையும் துணைக்கு அழைக்காமல், இளையவன் அண்ணன் வீட்டுப் படியேறட்டும். கல் நகர்ந்ததைச் சொல்லட்டும். நிலம் வேண்டாம் என்றால் அதையும் அங்கேயே சொல்லட்டும். அதன் பிறகு இருவரும் பந்திக்கு வரட்டும்.