பழைய விதைப்புக் கருவியை வாங்குமுன்

நோர்வூட் போன்ற மலைச்சரிவுகளில் சிறு மரக்கறித் தோட்டம் தொடங்கும் கமக்காரருக்கு, உழவு இயந்திரம் இழுக்கும் பல வரிசைக் கருவி பயன்படாது. அதைத் திருப்பவும் இடமிராது. கையால் தள்ளும் ஒற்றை வரிசைக் கருவியே ஏற்றது. லீக்ஸ், கோவா மட்டும் பயிரிடுவோருக்கு அதுவும் வேண்டியதில்லை. அவை நாற்றாக நடப்படுவன. போஞ்சி, கரட், பீற்றூட் விதைப்போருக்கே அது உதவும்.

பழைய கருவியாயின், புதிய வண்ணப்பூச்சைக் கண்டு மயங்குதல் கூடாது. தேய்ந்த கொழுவை ஊர்க் கொல்லன் புதுப்பிப்பான். தொலைந்த விதைத்தட்டை அவன் செய்து தருதல் அரிது. ஆகவே, நீங்கள் விதைக்கும் ஒவ்வொரு விதைக்கும் உரிய தட்டு உண்டா எனக் கேளுங்கள். கரட்டுக்குரிய தட்டில் போஞ்சி இறங்காது.

விலை பேசுமுன் உங்கள் விதையையே இட்டுச் சோதியுங்கள். சில்லின் சுற்றளவை அளந்து, கருவியைத் தூக்கிப் பிடித்து, சில்லை 10 முறை சுற்றி, சாக்கில் விழும் விதையை எண்ணுக. சுற்றளவு 1 மீற்றராயின் அது 10 மீற்றர் வரிசைக்குச் சமம். 10 சென்றிமீற்றருக்கு ஒரு போஞ்சி வேண்டின், ஏறத்தாழ 100 விதை விழுதல் வேண்டும். குறைந்தால் வரிசையில் வெற்றிடம் விழும். முளைக்கும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. உடைந்த விதை பல கிடப்பின் அக்கருவியை விட்டுவிடுக.

சேற்று வயலில் முளைகட்டிய நெல் இடுவதற்குத் துளையிட்ட உருளைகளை உடைய வேறு கருவி உண்டு. அதிலும் துளைகளையே முதலில் நோக்குக.