ஜோடி ரேம் வாங்கத்தான் வேண்டுமா?

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் இறங்குவோருக்குச் சொன்ன இவ்வறிவுரை, கடையில் பணப்பையைத் திறப்போருக்கும் பொருந்தும். இதனை நாங்கள் இவ்வாண்டு ஒரு கணினியின் வழியாகக் கற்றோம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களிலும் கணினி புதுமைப் பொருளாக இல்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் மேசைக் கணினி ஒன்று உண்டு. அக்காளின் கல்லூரிப் பாடங்களுக்கும் தோழியின் பயிற்சிக்கும் அது ஒன்றே துணை. நாளடைவில் அது ஆமை வேகத்தில் நகரத் தொடங்கியது. "பழைய ரேமைக் கழற்றிவிட்டு, 8 ஜி.பி. வீதம் இரண்டு கொண்ட ஜோடி கிட் போடுங்கள், தனியாக ஒன்றைச் சேர்த்தால் ஒத்துவராது" என்றார் கடைக்காரர் ஒருவர்.

தோழியின் தந்தை சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர். ஜோடி கிட் வாங்க, விதை வெங்காயத்துக்கென எடுத்து வைத்த பணத்தைத்தான் தொட வேண்டும். ஆகவே, வாங்குமுன் ஆராய்வோம் என்று முடிவு செய்தோம்.

ரேம் என்பது கணினி அவ்வப்போது செய்யும் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை போன்றது. மேசை நிரம்பிவிட்டால், கணினி வட்டில் இடம் தேடும். வட்டு ரேமைவிட மிக மெதுவானது. வேகம் குறைவதற்கு இதுவே காரணம். தோழியின் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். இருந்த 4 ஜி.பி. ஏறக்குறைய நிரம்பியிருந்தது. ஆக, முதற் குறை அளவுதான்.

அப்படியானால் ஜோடி என்ற பேச்சு எப்படி வந்தது? முற்காலப் பென்டியம் கணினிகளில் அது கட்டாயமாகவே இருந்தது. செயலி ஒரே வேளையில் 64 பிட் கேட்கும். அன்றைய 72 பின் ரேம் 32 பிட்தான் தரும். எனவே இரண்டிரண்டாகச் செருகினால்தான் கணினி இயங்கும். பின்னர் வந்த ரேம் ஒன்றே 64 பிட் தந்ததால் அக்கட்டாயம் நீங்கியது. இன்று ஜோடி சேர்ப்பது வேகத்திற்காக. இரண்டு ரேம்களைத் தனித்தனி வழியில் இணைத்து ஒருசேரப் பயன்படுத்துவதை டூயல் சேனல் என்பர். டி.டி.ஆர்.4 வகை 2400 ரேம் ஒன்று நொடிக்கு அதிக அளவாக 19.2 ஜி.பி. தரும், இரண்டு சேர்ந்தால் 38.4 ஜி.பி. ஆனால் கட்டுரை தட்டெழுதுவோர் இவ்வேறுபாட்டை உணர்வது அரிது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் விளையாட்டு, படத்தொகுப்பு செய்வோர் நன்கு உணர்வர்.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இரண்டு ரேம் போடுவது வேறு. ஜோடி கிட் வாங்குவது வேறு. கிட் என்பது, ஆலையிலேயே ஒன்றாக வைத்துச் சோதித்து ஒரே உறையில் விற்கப்படுவது. டூயல் சேனலுக்கு அவ்வுறை கட்டாயமன்று. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், ஏரில் பூட்டிய மாடுகளைப் போல வேகமானதும் மெதுவானதன் நடைக்கே நடக்கும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க, பள்ளிக் கணினி அறையில் பயன்படாதிருந்த வேறு நிறுவனத்தின் 4 ஜி.பி. 2666 ரேம் ஒன்றை ஆசிரியை அனுமதியுடன் பொருத்தினோம். கணினி இரண்டையும் 2400-இல் ஓட்டியது; டூயல் சேனலும் அமைந்தது. மெம்டெஸ்ட் என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை. கணினியும் சுறுசுறுப்பாயிற்று. அதே வகையில் 4 ஜி.பி. ரேம் ஒன்றை மட்டும் தந்தை வாங்கினார். விதைப் பணத்தின் பெரும்பகுதி பெட்டியிலேயே தங்கியது.

கடைக்காரர் சொன்னது முழுதும் பொய் என்று கூறமாட்டோம். பழைய ரேமும் புதியதும் சில வேளை ஒத்துப்போவதில்லை. எனவே ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். புதுக் கணினி அமைப்போரும், எக்ஸ்.எம்.பி. அமைப்பால் ரேமைப் பொது அளவிற்கு மேல் விரைவாக ஓட்டுவோரும் கிட் வாங்குவதே நன்று. நான்கு ரேம் வேண்டுவோர் நான்கு கொண்ட கிட்டையே வாங்குக. இரண்டு கிட்டுகளைச் சேர்த்து ஓட்டினால் ஆலைச் சோதனையின் உறுதி அதற்கில்லை.

தோழியரே, வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: நினைவகம் உண்மையில் நிரம்புகிறதா? ரேம் செருக இடம் காலியாக உள்ளதா? கணினிக்கு ஏற்ற வகை டி.டி.ஆர்.3-ஆ, 4-ஆ, 5-ஆ? வகை மாறினால் ரேம் பொருந்தவே பொருந்தாது. பொருத்துமுன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தை அறிந்து செலவிடுவதும் கல்வியின் பயனே அன்றோ?

– பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவியர்