எந்த இடாப்பில் நம் பெயர்?



காலைப் பிரட்டில் நம் பெயர் செக்ரோலில் விழாமல் போனால் என்ன நடக்கும்? நாள் முழுக்கத் தேங்காய் உரித்தாலும் அன்றைய சம்பளம் கணக்கில் வராது. "ஐயா, நான் வேலைக்கு வந்தேனே" என்று பிறகு எவ்வளவு கத்தினாலும், "பெயர் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். நாட்டுக்கும் இப்படி ஒரு செக்ரோல் உண்டு. அதுதான் வாக்காளர் இடாப்பு.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் வெடிச்சத்தம் நின்றவுடன் ஜனநாயகம் தானாக வந்துவிடாது. யாருடைய பெயர் எந்த ஊரில் எழுதப்படுகிறது, அந்த ஊர்ச் சபை யாருக்குப் பதில் சொல்கிறது என்பதில்தான் அது தொடங்குகிறது. இதை நம் புத்தளம் மாவட்டத்திலேயே பார்க்கலாம்.

1. கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்து மக்கள் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில்தான். இங்கிருந்த மக்கள் சோறு கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள். நாள் போகப்போக, கிணறு, பாடசாலை, கூலிவேலை எல்லாவற்றையும் பங்கு போடவேண்டி வந்தபோது மனக்கசப்பும் வந்தது.

அப்போது அந்த மக்களுக்கு ஒரு சிக்கல். புத்தளத்தில் பெயரைப் பதிந்தால், "இனி நீ வடக்கு ஆள் இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ, காணியும் திரும்பிப் போகும் உரிமையும் போய்விடுமோ என்ற பயம். பதியாமல் விட்டால், இங்கே ரோட்டுக்கும் தண்ணீருக்கும் யாரிடம் போய்க் கேட்பது? இங்கே வாழ்க்கை, அங்கே வோட்டு.

இடம்பெயர்ந்தவர்கள் தம் சொந்த மாவட்டத்துக்குரிய வாக்கைப் புத்தளத்திலேயே போட, கொத்தணி வாக்கெடுப்பு நிலையங்கள் வைக்கப்பட்ட தேர்தல்களும் உண்டு. 2013 இல், அவர்கள் சொந்த மாவட்டத்து இடாப்பில் பதிந்துகொள்ள விசேட சட்டம் ஒன்று வந்தது. ஆனாலும் 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வோட்டுப் போட மக்களை ஏற்றிச் சென்ற பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பக்கத்தில் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. யுத்தம் முடிந்து பத்து வருடம் கழிந்தும், ஒரு வோட்டுக்காக இவ்வளவு தூரம், இவ்வளவு பயம்.

2. நம் பாட்டன் பாட்டி பட்டது

இது நமக்குப் புதிய கதையா? 1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அவர்களில் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964 இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். யாரும் நம்மவர்களிடம் வந்து கேட்கவில்லை. கேட்கவைக்க வோட்டு இல்லையே! கடைசியில் 2003 சட்டத்தோடுதான் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

வோட்டு வந்த பிறகும் ஒரு தடை இருந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கத் தடையாக நின்றது. "அது கம்பனிக் காணி, நாங்கள் செய்யமுடியாது" என்ற பதிலைக் கேட்டுக் காது புளித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. இப்போது அந்தப் பதிலோடு திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லை.

3. சபை இல்லாத இரண்டு வருடம்

உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9 அன்று நடக்கவேண்டியது. பணமில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. தெரிவான உறுப்பினர் யாரும் இல்லாமல், அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது. வழக்குப் போட ஆள் இருந்ததாலும், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருந்ததாலும் அந்த உரிமை திரும்பி வந்தது. ஜனநாயக நிறுவனம் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

4. நாம் செய்யவேண்டியது

• ஒவ்வொரு வருடமும் இடாப்பைப் பாருங்கள். கிராம சேவகர் வரட்டும் என்று காத்திராமல் நாமே போய்ப் பார்ப்போம். 18 வயதான பிள்ளைகள், கல்யாணமாகி வந்த மருமகள்மார் பெயர் விடுபட்டிருக்கும்.

• பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாதவர்களின் கணக்கை லயம் லயமாக எடுங்கள்.

• லயத்து ரோட்டுக்கு, கிணற்றுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். 2016 தகவல் அறியும் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுத உதவவேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். வேலை நாள் 14 க்குள் முடிவைச் சொல்லவேண்டும்.

• பக்கத்து மீள்குடியேற்றக் கிராமத்தவரோடும் பேசுங்கள். ஒரே கிணறு, ஒரே ரோடு, ஒரே சபை. தனித்தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சேர்ந்து கேட்டால் அது லேசில் முடியாது.

"நம்ம ஒரு வோட்டாலே என்ன ஆகப்போகுது?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஒரு வோட்டு இல்லாமல் நம் பாட்டன் பாட்டி பட்டதை நினைத்தால் விடை தெரியும்.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கூட்டத்திலும் பேச:

1. நம் லயத்தில் இடாப்பில் பெயர் இல்லாதவர் எத்தனை பேர்? ஏன்?
2. நம் பகுதிச் சபை உறுப்பினர் யார்? கடைசியாக அவரிடம் எதைக் கேட்டோம்?
3. வெளியிலிருந்து வந்தவர்களை "வந்தான் வரத்தான்" என்கிறோமே, நம்மையும் அப்படித்தானே சொன்னார்கள்?