பனம்பொருள் விற்பனைக்கு இணையத்தளம் அமைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் முதலிய பகுதிகளிலும் பனையை நம்பிச் சீவிக்குங் குடும்பங்கள் பலவுள. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என்பவற்றை ஆக்குவதில் இக்குடும்பங்களுக்குத் திறமைக் குறைவில்லை. குறை இருப்பது விற்பனையிலேயாம். பருவகாலத்தில் எல்லா வீட்டு முற்றத்திலும் ஒரே பொருள் காய்கின்றது. சந்தைக்குக் கொண்டுசென்றால் வாங்குபவர் சொல்வதே விலையாகின்றது. அதே வேளையிற் கொழும்பில் இருக்கும் ஒருவர், ஊருக்குப் போய்வரும் உறவினரிடம் நல்ல புழுக்கொடியல் ஒரு கிலோ வாங்கிவரும்படி சொல்லிவிட்டுக் காத்திருக்கின்றார். இவ்விருவரையும் நேரே சந்திக்கச் செய்யக்கூடிய வழிகளுள் இணையத்தளம் ஒன்று. அதனைச் சிறு செலவிலும், பின்னர் வருந்த நேராத வகையிலும் அமைக்கும் முறையை இப்பிரசுரத்திற் கூறுவோம்.

இணையத்தளம் எல்லாருக்கும் வேண்டியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. கீரையும் கத்தரியும் பயிரிட்டு அன்றாடம் திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்புங் கமக்காரருக்கு இதனாற் பெரும்பயன் இல்லை. பல மாதங்கள் கெடாதிருக்கும், பொதியாகக் கட்டித் தபாலில் அனுப்பக்கூடிய, தூர இடத்தவர் விரும்பித் தேடும் பொருளுக்கே இது ஏற்றது. பனம்பொருள்களுட் பெரும்பாலானவை இம்மூன்று குணங்களையும் உடையன.

"எங்களுக்கு முகநூலிற் பக்கம் உண்டே, அது போதாதா?" எனப் பலர் வினவுகின்றனர். முகநூற் பக்கம் பயனுடையதே, அதனைக் கைவிடவேண்டியதில்லை. ஆயினும் அது பிறர் கட்டிடத்தின் திண்ணையிற் கடை விரிப்பது போன்றது. அந்நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டால் வாடிக்கையாளர் அனைவரும் ஒரே நாளிற் கைவிட்டுப் போவர். சொந்தப் பெயரில் ஒரு தளம் இருந்தால் முகநூலும் வட்சப்பும் அதற்கு வழிகாட்டும் பலகைகளாக அமையும்.

பெயரே காணி

இணையத்தளத்திற்கு மூன்று வேண்டும்: ஒரு பெயர், பக்கங்களை வைப்பதற்கு வழங்கியில் ஓர் இடம், அவ்விடத்தில் வைக்கப்படும் பக்கங்கள். இவற்றுட் பக்கங்கள் அழிந்தால் மீண்டும் எழுதலாம். இடம் பிடிக்காவிட்டால் வேறிடத்திற்கு மாற்றலாம். பெயர் போனால் மட்டுமே மீட்பது கடினம். அநேகர் இதனை அறியாது, பக்கங்களின் நிறத்தையும் அலங்காரத்தையும் பற்றிப் பல நாள் ஆலோசித்துப் பெயர்ப் பதிவை மட்டும் தளம் அமைத்துக் கொடுப்பவரிடமே விட்டுவிடுகின்றனர்.

இதனால் நேர்ந்த நட்டம் ஒன்றை நாம் அறிவோம். பனாட்டும் பனங்கட்டியும் செய்யும் மாதர் குழு ஒன்றிற்கு, அவ்வூர் இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்துடன் தளம் அமைத்துக் கொடுத்தார். பெயரைத் தம் பெயரிலும் தமது மின்னஞ்சல் முகவரியிலும் பதிந்தார். ஆண்டுக் கட்டணத்தையுந் தமது அட்டையிலேயே செலுத்தினார். மூன்றாம் ஆண்டில் அவர் வேலை தேடி வெளிநாடு சென்றார். பழைய மின்னஞ்சலை அவர் திறந்து பார்க்கவில்லை. கட்டணம் செலுத்தும்படி வந்த நினைவூட்டல்கள் யாவும் அதிலேயே கிடந்தன. தீபாவளிக்கு முந்திய மாதத்திலே தளம் மறைந்தது. குழுவினர் தொழிலை நிறுத்திவிட்டனர் என வாடிக்கையாளர் எண்ணினர். சில மாதங்களின் பின் அப்பெயரை வேறொருவர் தமதாக்கிக்கொண்டார். அதற்குள் அப்பெயர் அச்சிடப்பட்ட ஒட்டுச்சீட்டுகள் ஆயிரக்கணக்கில் வீட்டில் இருந்தன. அவற்றின் மேலே புதுப்பெயரெழுதிய கடதாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு அப்பெண்கள் பல இரவுகள் விழித்திருந்தனர். அவ்விளைஞரைக் குறை கூறுவதற்கில்லை. கேட்கவேண்டியதைக் கேட்காதிருந்ததே தவறு.

ஆகவே பின்வருவனவற்றைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுக. பெயரைத் தொழிலின் உரிமையாளர் அல்லது சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி, தளம் அமைப்பவருடையதாக இல்லாமல், தொழிலுக்கென்று திறக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். அதன் கடவுச்சொல், பெயர் பதிந்த நிறுவனம், கட்டணம் முடிவடையுந் தேதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் காணி உறுதியுடன் சேர்த்து வைத்துக்கொள்க. உறுதியைப் போல இதுவும் வீட்டார் இருவருக்காவது தெரிந்திருத்தல் அவசியம். எனினும் இங்கு ஒரு வேறுபாடுண்டு. காணி ஒருமுறை வாங்கினால் நமதே; இணையப் பெயரோ குத்தகை போன்றது. ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கட்டணஞ் செலுத்திப் புதுப்பித்தாலன்றி நிலைக்காது.

இலங்கைக்குரிய டொட் எல்கே என்னும் முடிவுடைய பெயர்களை இந்நாட்டின் பதிவகத்திற் பெறலாம். தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என முடியும் பெயர்களும் 2010 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பெயர் அழகியது. ஆயினும் அதனை மட்டும் நம்புதல் உசிதமன்று. சிங்கள வாடிக்கையாளரும், வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளும் தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்ய இடர்ப்படுவர். ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றைப் பிரதானமாகக் கொண்டு, இயலுமாயின் தமிழ்ப் பெயரையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரம், ஙகரம் முதலியன வரும் சொற்களைத் தவிர்த்தல் நன்று. பனங்கட்டி, புழுக்கொடியல் என்பவற்றை நால்வர் நால்விதமாக எழுதுவர். பெயர் பொருத்தமானதா என அறிய எளிய சோதனையொன்றுண்டு. அறிமுகமில்லாத ஒருவருக்குத் தொலைபேசியிற் பெயரைச் சொல்லி எழுதச் செய்க. திருப்பிக் கேளாமற் சரியாக எழுதுவாராயின் அது நல்ல பெயர். பதிவு உறுதியாகி அறிவித்தல் கைக்குக் கிடைக்கும்வரை ஒட்டுச்சீட்டு அச்சிடக் கொடுக்கலாகாது.

இடமும் பக்கங்களும்

வழங்கியில் இடம் தருவோர் பலருளர். சிறு தொழிலுக்கு மிகக் குறைந்த அளவே போதுமானது. முதலாண்டுக்கு மிகவுங் குறைந்த விலை கூறி, அடுத்த ஆண்டிற் பன்மடங்கு கேட்போரும் உளராதலால், இரண்டாம் ஆண்டின் கட்டணத்தை முதலிலேயே விசாரித்தறிக. வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு அமைத்தால், பின்னர் விலையையும் படத்தையும் மாற்றப் பிறரை எதிர்பார்க்கவேண்டியதில்லை. தளத்திற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் அவசியம். அஃதின்றேல் பார்ப்பவரின் திரையிற் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை தோன்றும். அதனைக் கண்டவர் பணம் அனுப்பமாட்டார். இச்சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கின்றது. அதற்குத் தனியாகப் பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

தமிழிற் பக்கம் எழுதுவோர் ஒரு விடயத்தை அவதானித்தல் வேண்டும். எமது நாட்டில் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. அதில் எழுதியதை அப்படியே தளத்தில் இட்டால், அவ்வெழுத்துரு இல்லாத கருவியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். கூகிளிற் தேடுபவருக்கும் அகப்படாது. யூனிகோட் முறையிலேயே எழுதுதல் வேண்டும். பாமினியில் எழுதியவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றிலும் சுருக்கமாக எழுதுக. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே இடாது, அம்மொழி அறிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு பார்வையிடுதல் நன்று.

படங்கள் எடுக்கச் சாதாரண கைத்தொலைபேசியே போதும். காலை வெயில் ஏறுமுன், முற்றத்தில் நிழலான இடத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேற் பொருளை வைத்து எடுக்குக. பனாட்டின் உண்மை நிறம் கருமை கலந்த செம்மஞ்சள். அதனை மெருகேற்றிப் பொன்னிறமாக்கிக் காட்டினால், பொதியைப் பிரிப்பவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். பிறர் தளத்துப் படத்தை எடுத்து இடுதல் கூடாது. தொலைபேசிப் படம் ஒன்று சாதாரணமாக 3 அல்லது 4 மெகாபைட்டு அளவிருக்கும். அதனை 200 கிலோபைட்டிற்குக் குறைவாகச் சுருக்கியே தளத்தில் இடவேண்டும். பார்ப்போரிற் பெரும்பாலானோர் கைத்தொலைபேசியிற் பார்ப்பவர். பக்கம் திறக்கத் தாமதித்தால் அப்பாற் சென்றுவிடுவர்.

பருவத்தை மறைக்கவேண்டாம்

நகரத்துக் கடைகளின் தளங்களைப் பார்த்து அமைப்பவர்கள், எல்லாப் பொருளும் எப்பொழுதுங் கிடைக்கும் என்பதுபோல அமைத்துவிடுகின்றனர். பனம்பொருளுக்கு இது பொருந்தாது. பழம் விழுவது ஆடி தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள காலத்தில். பனாட்டும் அப்பொழுதே பாயில் ஊற்றப்படும். பாத்தியிலிட்ட விதையிலிருந்து கிழங்கு கிண்டுவது தை, மாசியில். அதன் பின்னரே ஒடியலும் புழுக்கொடியலும் காயும். இருப்பு முடிந்தபின்னும் விலை காட்டிக்கொண்டிருக்குந் தளத்திற் பணஞ் செலுத்தியவர், ஒரு முறை ஏமாந்தால் மறுமுறை வாரார். 'புழுக்கொடியல் முடிந்தது, அடுத்தது மாசி மாதத்தில்' எனத் தெளிவாக எழுதி, விரும்புவோர் தம் பெயரைப் பதிந்துவைக்க வழிசெய்க. இவ்வாறு பதிந்தோர் தொகையைக் கொண்டு எத்தனை பாத்தி போடலாம் என்று முற்கூட்டியே மதிப்பிடவும் இயலும். எமது எண்ணப்படி, இணையத்தளத்தாற் கிடைக்கும் இலாபங்களுள் இதுவே பெரிது.

ஒவ்வொரு பொருளுக்கும் நிறை, விலை, ஆக்கிய தேதி, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவற்றை எழுதுக. உபயோகிக்கும் முறையையும் எழுதவேண்டும். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பு நீரை வடித்த பின்னரே கூழுக்கு உபயோகிப்பது நம்மூர்ப் பாட்டிமாருக்குத் தெரியும். தூரதேசத்திற் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தெரியாது. நோய்களைக் குணமாக்கும் என்று எழுதுதல் மட்டும் ஒருபோதுங் கூடாது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவைப் பற்றிப் பொய்யாகவோ பிழையாக வழிநடத்தும் வகையிலோ விளம்பரஞ் செய்வதைத் தடைசெய்கின்றது. தளத்தில் எழுதுவதும் விளம்பரமேயாம். ஒட்டுச்சீட்டு விதிகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிந்து வைத்திருந்தால், தொழிற்பெயரில் வங்கிக்கணக்குத் திறத்தல் எளிது.

விலையும் பணமும்

விலை குறிக்கும்போது பொதியின் செலவை மறப்பவர் பலர். உதாரணமாக, 500 கிராம் பொருளை 600 ரூபாவுக்கு விற்பதாகவும், பெட்டிக்கும் உறைக்கும் 60 ரூபாவும், அனுப்புவதற்கு 300 ரூபாவும் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். இத்தொகைகள் கணக்கைக் காட்டுதற்கே. நடப்பு விலைகள் அல்ல. அனுப்புஞ் செலவை வாங்குபவர் கொடுத்தாலும், அவருக்கு அது விலையின் பாதியாகும், வாங்கத் தயங்குவார். இரண்டு கிலோப் பொதியாயின் அனுப்புஞ் செலவு அதே அளவிற்கு ஏறுவதில்லை. ஆதலால் தனிப்பொருளாக விற்பதிலும், புழுக்கொடியல், பனங்கட்டி, பனாட்டு மூன்றையுஞ் சேர்த்து ஒரு பெட்டியாக விற்பதே இருவருக்கும் நன்மை.

அட்டை மூலம் பணம் பெறும் வசதிக்கு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கைக் கழிப்பர். தொடக்கத்தில் வங்கி வைப்பும், பொதி கையளிக்கும்போது பணம் பெறுதலும் போதுமானவை. பின்னையதிற் சிலர் பொதியை ஏற்காது திருப்புவதுண்டு; புதிய வாடிக்கையாளருக்குச் சிறு பொதிகளையே அவ்வாறு அனுப்புக. வங்கியில் வைப்பிட்டதாக வட்சப்பில் வரும் பற்றுச்சீட்டுப் படத்தை நம்பிப் பொருள் அனுப்பலாகாது. போலிப் படங்கள் அடிக்கடி வருகின்றன. உங்கள் கணக்கிற் பணம் வந்திருத்தலை நீங்களே பார்த்த பின் அனுப்புக. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும், வங்கி உத்தியோகத்தர் என்று சொன்னாலும், கொடுக்கவேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர் முதலில் அந்நாட்டு விதிகளை அறிந்துகொள்ளல் வேண்டும். தாவரப் பொருள் சிலவற்றிற்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவைப்படும். அதனை எமது திணைக்களமே வழங்குகின்றது. விதியறியாது அனுப்பிய பொதி அந்நாட்டுச் சுங்கத்தில் அழிக்கப்படலாம்.

தளம் நடக்கத் தொடங்கிய பின், வரும் கட்டளைகளை இலக்கமிட்டு நாட்கொப்பியிற் பதிந்து, அன்றன்றே மறுமொழி அனுப்புக. ஆண்டுதோறும் தைப்பொங்கல் வாரத்தில், கிழங்கு கிண்டுமுன், காணி உறுதியுடன் வைத்த கொப்பியை எடுத்துப் பெயரின் தேதி, இடத்தின் தேதி, கடவுச்சொல் மூன்றையும் சரிபார்க்க. ஐயமுள்ளோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். வரும்போது பதிவு அறிவித்தலையும், அச்சிடக் கொடுக்குமுன் ஒட்டுச்சீட்டின் மாதிரியையும் கொண்டுவருக.